உழிஞையும் நொச்சியும்

கோட்டை என்றதும் நம் முன்னோர் இரண்டு மலர்களை நினைத்தனர். மதிலை முற்றுகையிடப் புறத்தே நிற்பவன் உழிஞை சூடுவான். மதிலைக் காக்க அகத்தே நிற்பவன் நொச்சி சூடுவான். புறப்பொருள் வெண்பாமாலை இவ்விரண்டையும் தனித்தனித் திணைகளாகவே வகுத்துரைக்கிறது. பள்ளியில் இதனை மனப்பாடம் செய்த நாளில், இஃது இரு வேறு மனிதரைப் பற்றிய செய்தி என்றே எண்ணியிருந்தோம். ஒரே மனிதன் முதலில் உழிஞையும் பின்னர் நொச்சியும் சூட நேரலாம் என்பதையோ, அவ்வாறு மதிலைக் கடந்து உள்ளே வரும்போது அவன் நெஞ்சில் என்ன நிகழ்கிறது என்பதையோ நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. எழுபது வயதைக் கடந்த பின், சுவிட்சர்லாந்து நாட்டின் பழங்கோட்டைகள் மூன்றைக் கண்டபோதுதான் அவ்வினா எங்கள் முன் எழுந்தது.

எங்கள் மகள் அந்நாட்டில் பணியாற்றுகிறாள். அவள் அழைப்பை ஏற்று, சென்ற மே மாதத்தில் கணவனும் மனைவியுமாக நாங்கள் இருவரும் சென்று வந்தோம். ஆல்ப்ஸ் மலையின் பனியையும் ஏரிகளையும் பற்றி எழுதியவர் பலர். அவற்றின் அழகைக் கூற எங்களிடம் புதிய சொல் எதுவும் இல்லை. கோட்டைகளைப் பற்றியே இங்குக் கூற விழைகிறோம்.

முதலிற் கண்டது ஆர்காவ் மாநிலத்தில் ஒரு சிறு குன்றின்மேல் நிற்கும் ஹாப்ஸ்பர்க் கோட்டை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. பெருங்கோட்டை ஒன்றை எதிர்பார்த்துச் சென்ற எங்களுக்கு வியப்பே மிஞ்சியது. கல்லாலான ஓர் உயர்ந்த வீடும் ஒரு கோபுரமும் அன்றி அங்கு அதிகம் எஞ்சவில்லை. உள்ளே ஓர் உணவகம் நடைபெறுகிறது. ஆயினும் இச்சிறு வீட்டின் பெயரையே தம் குடிப்பெயராகக் கொண்ட அரசமரபினர், 1273ஆம் ஆண்டில் செருமானிய அரியணையை எய்தினர். பின்னர் ஆஸ்திரியாவைத் தம் இருப்பிடமாகக் கொண்டு 1918 வரை ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஆணை செலுத்தினர். ஆலமரத்தைக் கண்டு பழகிய ஒருவன் அதன் விதையைக் கையில் எடுத்துப் பார்ப்பது போன்ற உணர்ச்சி எங்களுக்கு உண்டாயிற்று.

இம்மரபினரை எதிர்த்து நின்றே சுவிஸ் மக்கள் தம் விடுதலையைப் பெற்றனர் என்பது அந்நாட்டின் பெருமைக் கதை. ஆப்பிளைக் குறிவைத்து அம்பெய்த வில்லியம் டெல்லின் கதையை நம்மில் பலர் இளமையில் படித்திருப்போம். டெல் என்றொரு மனிதன் உண்மையில் வாழ்ந்தான் என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஆனால் ஊரி, ஷ்வீஸ், உண்டர்வால்டன் என்னும் மூன்று மலைநாடுகள் 1291ஆம் ஆண்டில் செய்துகொண்ட உடன்படிக்கை, இலத்தீன் மொழியில் எழுதப்பெற்ற தோல் ஆவணமாக ஷ்வீஸ் நகரின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. அதில் ஒரு விதி எங்கள் உள்ளத்தைத் தொட்டது. பதவியை விலைகொடுத்துப் பெற்றவனையும், எம் மண்ணைச் சேராத அயலானையும் எம் நீதிபதியாக ஒருபோதும் ஏற்கமாட்டோம் என்பது அதன் கருத்து. உழவரும் ஆயருமாகிய மலைமக்கள், தம்மைத் தம்முள் ஒருவரே நடுவிருந்து ஆராய வேண்டும் எனக் கேட்டது எத்துணை நேரிய வேட்கை! அம்மக்கள் 1315இல் மோர்கார்ட்டனிலும் 1386இல் செம்பாக்கிலும் ஹாப்ஸ்பர்க் படைகளை வென்றனர்.

1415ஆம் ஆண்டில், மலைமக்களின் கூட்டணியில் சேர்ந்திருந்த பெர்ன் நகரத்தார் இந்த ஹாப்ஸ்பர்க் கோட்டையையே கைப்பற்றினர். பழைய தலைவன் நீங்கினான். அப்படியாயின் ஆர்காவ் மக்களும் அன்றே விடுதலை பெற்றிருப்பர் என்று நாங்கள் எண்ணினோம். அது நிகழவில்லை. வென்றவர்கள் அந்நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டனர். ஒரு பகுதியைப் பெர்ன் ஆண்டது. மற்றப் பகுதிகளைக் கூட்டணி நாடுகள் பொதுவில் வைத்து, முறைபோட்டு ஆளுநரை அனுப்பின. 1798 வரை இந்நிலை நீடித்தது. குன்றின்மேல் நின்று கீழே பச்சைப் பட்டு விரித்தாற்போற் கிடந்த வயல்களைப் பார்த்தபோது, அவற்றை உழுதவனுக்கு அந்த 1415ஆம் ஆண்டில் எதுதான் மாறிற்று என்னும் வினா எழுந்தது. வரி வாங்கும் கைதான் மாறிற்று.

அடுத்துக் கண்டது ஷியோன் கோட்டை. ஜெனீவா ஏரியின் கரையோரம், நீரிலிருந்து எழுந்த ஒரு பாறையின்மேல் அது நிற்கிறது. உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வந்து குவியும் இடம் இது. சவோய் மரபினர் 13ஆம் நூற்றாண்டில் இதனை இன்றைய வடிவிற்குக் கொணர்ந்தனர். மேல்தளத்தில் விருந்து மண்டபங்கள். கீழ்த்தளத்தில், பாறையைக் குடைந்தும் தூண்களை நிறுத்தியும் அமைத்த சிறைக்கூடம். அச்சிறையின் வளைவுகள் ஒரு தேவாலயத்திற்கு உரியவைபோல் அழகாயிருந்தன. ஏரியின் அலைகளிற் பட்ட வெயில் சிறு சாளரத்தின் வழியே புகுந்து கூரையில் ஆடியது. அதைக் கண்டு மகிழ்ந்த மறுகணமே மகிழ்ந்ததற்காக நாணினோம்.

ஜெனீவா நகரின் உரிமைக்காகச் சவோய்க் கோமகனை எதிர்த்த பொனிவார் என்னும் துறவிமடத் தலைவர் 1530 முதல் 1536 வரை இக்கோட்டையிற் சிறைப்பட்டிருந்தார். அவற்றுள் நான்காண்டுகள் இந்தக் கீழ்த்தளத்திலேயே கழிந்தன. 1816இல் இங்கு வந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் அவரை நினைந்து ஒரு காவியம் பாட, அச்சிறை உலகப்புகழ் எய்தியது. பைரனின் பெயர் பொறித்த தூணைக் கண்ணாடியிட்டுக் காக்கின்றனர். அதே கோட்டையில் 1348ஆம் ஆண்டில், கொள்ளைநோயைப் பரப்பக் கிணறுகளில் நஞ்சிட்டதாகப் பொய்க்குற்றம் சாட்டி, யூத மக்கள் சிலரைச் சித்திரவதை செய்து 'வாக்குமூலம்' பெற்றனர். யூதரும் அந்நோயால் மடிகின்றனரே, அவர்கள் எவ்வாறு குற்றவாளிகள் ஆவர் என அதே ஆண்டில் போப்பாண்டவர் ஆறாம் கிளமெண்ட் அறிக்கைவழி எடுத்துரைத்தும் கேட்பார் இல்லை. ஷியோனிற் பெற்ற வாக்குமூலங்கள் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு அனுப்பப்பட்டன. 1349 பிப்ரவரியில் அந்நகர யூதர் பெருந்திரளாக எரித்துக் கொல்லப்பட்டனர். இவர்களைப் பாடப் பைரன் வரவில்லை. அவர்களுக்கெனத் தூணும் இல்லை.

பொனிவாரை விடுவித்தவர் யார்? 1536இல் ஜெனீவாவுக்குத் துணையாகப் படையெடுத்து வந்த பெர்ன் நகரத்தார். கோட்டைக் கதவு திறந்தது, கைதி வெளியேறினார். கதை இவ்விடத்தில் முடிந்திருப்பின் எத்துணை இனிமையாயிருக்கும்! ஆனால் கதவைத் திறந்தவர் சாவியைத் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டனர். ஷியோனில் பெர்னின் ஆளுநர் குடியேறினார். ஏரிக்கரையின் வோ நாடு முழுவதும் பெர்னுக்கு அடங்கிய நாடாயிற்று. சிறைக்கூடம் வேறு கைதிகளைப் பெற்றது. சூனியக்காரர் என்று பழிசுமத்தப்பட்ட ஏழை எளியோரும் அவர்களுள் அடங்குவர். பெர்ன் ஆளுநர் காலத்துச் சுவரோவியங்களை மேல்தளத்து அறைகளில் இன்றும் காணலாம்.

வோ நாட்டிலே தாவெல் என்னும் படைத்தலைவர் ஒருவர் இருந்தார். 1723ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், தம் மக்களுக்குப் பெர்னின் பிடியிலிருந்து விடுதலை வேண்டி, தம் வீரருடன் லோசான் நகருக்குள் நுழைந்தார். சுடுவதற்குரிய மருந்தும் குண்டும் அவ்வீரர்களிடம் இல்லை. குருதி சிந்தாமலே உரிமை பெறலாம் என அவர் நம்பினார். நகர மன்றத்தாரோ, அவரோடு இசைபவர்போல் நடித்துப் பெர்னுக்குச் செய்தி அனுப்பினர். ஏப்ரல் 24ஆம் நாள் தாவெல் தலை வெட்டப்பட்டு மாண்டார். தண்டனை விதித்தவர் யார் என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கிறது. ஹாப்ஸ்பர்க் மன்னருமல்லர், சவோய்க் கோமகனுமல்லர். வேற்றுத் தலைவனுக்குத் தலைவணங்கோம் என்று பாடி வளர்ந்த கூட்டணியின் உறுப்பினரே அவர்.

மூன்றாவதாகக் கண்டது, ஆல்ப்சின் தென்புறத்தே இத்தாலிய மொழி வழங்கும் திச்சினோ மாநிலத்திலுள்ள பெல்லின்சோனா நகரம். கோத்தார்டு முதலிய கணவாய்களினின்று இறங்கிவரும் வழிகள் யாவும் இங்கே ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் வந்து கூடுகின்றன. வாயிலைத் தாழிடுவதுபோல் மலைக்கு மலை மதில் எழுப்பி, மூன்று கோட்டைகளைக் கட்டி வைத்தனர். 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. உச்சியில் நிற்கும் மூன்றாங் கோட்டையை, சுவிஸ் படைகளிடம் தோற்ற அச்சத்தால் மிலான் அரசினர் 1479இல் ஆறே மாதத்திற் கட்டி முடித்தனராம். அச்சம் போல விரைந்து வேலை வாங்கும் மேஸ்திரி வேறெவரும் இல்லை! கீழேயுள்ள பெருங்கோட்டைக்குப் பாறையைக் குடைந்து மின்தூக்கி அமைத்துள்ளனர். படைகள் ஏற இயலாது திகைத்த பாறையில், முழங்கால் வலியுள்ள நாங்கள் இருவரும் சில நொடிகளில் ஏறிவிட்டோம்.

அக்கோட்டைகளுக்கு இருந்த பழம்பெயர்களைக் கேட்டபோது திகைத்துப் போனோம். ஊரிக் கோட்டை, ஷ்வீஸ் கோட்டை, உண்டர்வால்டன் கோட்டை! அயலானை நீதிபதியாக ஏற்கமாட்டோம் என்று 1291இல் எழுதிவைத்த அதே மூன்று நாடுகள். 1500ஆம் ஆண்டில், மிலானைப் பிடித்த பிரெஞ்சு மன்னனுக்கு அஞ்சிய பெல்லின்சோனா மக்கள் தாமே அழைத்து இவர்களிடம் அடைக்கலம் புகுந்தனர். காக்க வந்தவர்கள் ஆள்பவர்கள் ஆயினர். ஏறத்தாழ 300 ஆண்டுகள் அவர்கள் மாறிமாறி ஆளுநரை அனுப்பினர். மக்கள் மொழி இத்தாலியம். ஆளுநர் மொழி செருமானியம். அப்பதவிகளைப் பலர் விலைகொடுத்துப் பெற்றனர்; கொடுத்த விலையைக் குடிகளிடமே திரும்ப ஈட்டினர். தம் முன்னோர் விலக்கிய இரண்டு தீமைகளையுமே, மலைக்கு அப்புறம் வாழ்ந்த பிறர்க்கு அவர்கள் ஏற்றுமதி செய்தனர்.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். பழங்காலத்தாரை இக்கால அளவுகோலால் அளப்பது முறையோ? முறையன்று. ஆனால் இவ்வளவுகோல் இக்காலத்தது அன்றே! 1291ஆம் ஆண்டில் அவர்களே செய்து, அவர்களே முத்திரையிட்ட அளவுகோல் இது. அதைத் தம் வீட்டிற்கு மட்டும் வைத்துக்கொண்டனர் என்பதே நாம் கூறும் குறை.

இன்னொரு தடையும் உண்டு. பெர்னின் ஆட்சி கொடுங்கோலன்று. அண்டை நாட்டு மன்னர்களின் ஆட்சியோடு ஒப்பிட்டால் அஃது ஒழுங்கானதே என்பர். அதனையும் ஏற்போம். ஆயினும் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படுவது வேறு; கருத்துக் கேட்கப்படுவது வேறு. வேளாவேளைக்கு உணவு பெறும் விருந்தினனுக்கும், அடுத்த வேளை என்ன சமைப்பது என்று கேட்கப்படும் குடும்பத்தானுக்கும் உள்ள வேறுபாடு அது. அடிமைப்பட்ட தேசத்தில் பிறந்த நம் பெற்றோர்க்கு இதனை விளக்கத் தேவையிருந்திராது.

ஒடுக்கப்பட்டவன் விடுதலை பெற்றதும் தானே ஒடுக்குபவனாகிவிடுவது ஏன்? தீமையைப் பட்டவனுக்குத் தீமையின் சுவை தெரியுமே. அவனன்றோ அதனைப் பிறர்க்குச் செய்யாதிருக்க வேண்டும்? நாம் பலகாலும் இவ்வாறே நம்புகிறோம். துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பது நம் நூல்களிலும் நாடகங்களிலும் ஊறிய எண்ணம். ஆனால் இம்மூன்று கோட்டைகளும் வேறு பாடம் கூறின. துன்பம் தன்னளவில் எதையும் கற்பிப்பதில்லை. துன்பப்பட்டவன் இருவகையில் நினைக்கக்கூடும். 'எனக்கு இழைத்தது அநீதி' என்று நினைப்பது ஒன்று. 'இழைத்தது அநீதி' என்று நினைப்பது மற்றொன்று. முன்னவன் தன் காயம் ஆறியதும் அமைதியடைகிறான். அவனைப் பொறுத்தவரை அநீதி தீர்ந்தது. பின்னவனுக்கோ, அதே காயம் அடுத்தவன் மேனியில் இருக்கும்வரை அது தீர்வதில்லை. இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே ஒரு சொல்தான் வேறுபாடு. அந்த ஒரு சொல்லைக் கடக்க அம்மலைமக்களுக்கு 500 ஆண்டுகள் தேவைப்பட்டன. அதுவும் அவர்களாகக் கடக்கவில்லை. 1798இல் பிரெஞ்சுப் படை வந்து பழைய கூட்டணியை வீழ்த்திய பின்னரே நிகழ்ந்தது. 1803இல் ஆர்காவ், வோ, திச்சினோ மூன்றும் ஏனையவற்றுக்கு நிகரான மாநிலங்கள் ஆயின. அந்நாட்டுப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றதோ 1971இல்தான்.

1798இல் திச்சினோவின் லுகானோ நகர மக்கள் எழுப்பிய முழக்கம் நினைக்கத் தக்கது. சுவிஸ் மக்களாகவே இருப்போம், ஆனால் உரிமையுள்ளவராக இருப்போம் என்பதே அதன் பொருள். தம்மை ஆண்டவரைப் பழிவாங்க அவர்கள் விழையவில்லை. மதிலுக்கு வெளியே நின்றவர்கள், மதிலைக் கைப்பற்ற அன்றி, கதவைத் திறந்துவைக்கக் கேட்டனர். உழிஞையும் வேண்டா, நொச்சியும் வேண்டா என்ற குரல் அது.

பெருங்கோட்டையின் மதில்மேல் நின்று இவற்றை எண்ணி, மலைமக்களை மனத்துள் குறைகூறிக்கொண்டிருந்த வேளையில், எங்களுக்கு எங்கள் வீடு நினைவுக்கு வந்தது.

1972ஆம் ஆண்டில் நாங்கள் மும்பைக்கு வந்தோம். வாடகைக்கு வீடு தேடி நான்கு மாதங்கள் அலைந்தோம். 'மதராசிகளுக்கு இல்லை' என்று முகத்துக்கு நேரே கூறியவர் உண்டு. நயமாகக் கூறியவரும் உண்டு. உங்கள் சமையலின் மணம் மற்றவர்க்கு ஒத்துவராது என்றார் ஒரு வீட்டுக்காரர். அன்று இரவு நாங்கள் உண்ணாமலே படுத்தோம். அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குப் பலமுறை கதையாகக் கூறியிருக்கிறோம். சங்கத்து நண்பர்களிடையே கூறி நகைத்துமிருக்கிறோம். இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்கள் பலவற்றுக்கும் இத்தகைய கதை ஒன்று இருக்கும்.

இன்று நாங்கள் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீட்டில் வாழ்கிறோம். அதன் நிருவாகக் குழுவிலும் இடம்பெற்றிருக்கிறோம். பயணத்திற்கு இரு மாதங்கள் முன்பு, வடகிழக்கு மாநிலத்திலிருந்து வந்த ஓர் இளந்தம்பதியர், கைக்குழந்தையுடன், எங்கள் குடியிருப்பில் வாடகைக்கு ஒரு வீடு கேட்டனர். குழு கூடிற்று. அவர்கள் சமையலின் மணம் மற்றவர்க்கு ஒத்துவராது என்று உறுப்பினர் ஒருவர் கூறினார். அதே சொற்கள். இடையில் ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. நாங்கள் அதை மறுக்கவில்லை, ஆதரிக்கவுமில்லை. தேநீர் பருகிக்கொண்டு வாளாவிருந்தோம். நம் வீட்டில் கருவாடு வறுக்கும் நாள்களில் சாளரங்களைச் சாத்திவைத்த காலம் ஒருகணம் நினைவில் எழாமலில்லை. 'நமக்கேன் வம்பு, இத்தனை ஆண்டுகள் கழித்து இப்போதுதான் நம்மை இவர்கள் தம்மவராக ஏற்றிருக்கிறார்கள்' என்னும் எண்ணம் அதை அமிழ்த்திவிட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அந்த ஒருமனதில் எங்கள் மனமும் ஒன்று.

மதிலுக்குள் புதிதாக இடம்பெற்றவனே மதிலை மிகக் கடுமையாகக் காக்கிறான். அவனுக்குத் தன் இடத்தைப் பற்றிய ஐயம் இன்னும் தீரவில்லை. வெளியே நிற்பவன்மேல் அவனுக்குப் பகையில்லை. மீண்டும் வெளியே தள்ளப்படுவோமோ என்னும் அச்சமே உண்டு. ஊரியின் மலைமக்களையும் அவ்வச்சமே ஆட்டிவைத்திருக்கலாம். கணவாயின் தென்வாயில் பிறர் கையிற் போனால் தம் விடுதலைக்கு ஆபத்து என்று கருதியிருக்கலாம். அச்சம் ஒரு காரணம்தான். ஆனால் அது நியாயம் ஆகிவிடாது.

வள்ளுவர் அரணுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, அதன் சிறப்புகளை எல்லாம் அடுக்கிக் கூறினார். அவ்வதிகாரத்தின் இறுதியில், செயலில் மாட்சி இல்லாதவரிடத்து எத்துணைச் சிறந்த அரணும் அரணாகாது என்று முடித்துவைத்தார். போர்வினையைக் கருதியே உரைகாரர் அதற்குப் பொருள் கூறினர். எங்களுக்கோ, அன்று அந்த மதில்மேல், அது குழுக்கூட்டத்து மௌனத்தையும் சுட்டுவதாகவே தோன்றிற்று.

ஊர் திரும்பியதும் அத்தம்பதியர் நாடிய வீட்டைப் பற்றி விசாரித்தோம். வேறொரு குடும்பம் குடியேறிவிட்டது. அவ்விளைஞரின் தொலைபேசி எண்ணும் எங்களிடம் இல்லை. அவர்களுக்கு இழைத்ததை இனிச் சரிசெய்ய எங்களால் இயலாது. எங்காவது ஒரு சிறு வீட்டில் அவர்களும் இச்செய்தியைக் கதையாகக் கூறிக்கொண்டிருப்பர்; அக்கதையில் பெயரற்ற ஒரு கிழத்தம்பதியர் தேநீர் பருகிக்கொண்டிருப்பர்.

எங்கள் குடியிருப்பின் விண்ணப்பப் படிவத்தில் 'சொந்த மாநிலம்', 'உணவுப் பழக்கம்' என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. அவற்றை நீக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் அது விவாதத்திற்கு வருகிறது. வெற்றிபெறும் என்று கூற இயலவில்லை. சிலர் இப்போதே எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டனர். மின்தூக்கியில் எதிர்ப்படும்போது முகம் திருப்பிக்கொள்பவரும் உளர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பழகிய உணர்ச்சி அது. அன்று அது வலித்தது. இன்றும் வலிக்கிறது. ஆனால் இம்முறை அவ்வலியை நாங்களே தேர்ந்துகொண்டோம் என்பதனால், இரவில் உண்டு உறங்க முடிகிறது.